நூற்றைம்பதாம் நம்பர் ஜெட்

கவுஸ் பாஷாவின் சட்டையில் சாராய வாடை அடித்த முதல் நாள், அமீனா அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. சட்டையை வாங்கிக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினாள். சோறு போட்டாள். அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை நடுங்கவில்லை, பேச்சு குழறவில்லை, கண் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. கருவாட்டுக் குழம்பை இன்னொரு முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். குடித்தவர்கள் இப்படித்தான் சாப்பிடுவார்களா என்று அவளுக்குத் தெரியாது. பிறந்த வீட்டிலும் சரி, வந்த வீட்டிலும் சரி, அந்த வாடை வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

ஊரில் சாராயக் கடைகளைத் திறந்துவிட்ட அடுத்த வருஷம் அது. அதுவரை ஒளிந்து குடித்தவர்கள் நிமிர்ந்து நடந்து போய்க் குடித்தார்கள். குடிக்காதவர்கள் சிலரும் போய் எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர்களில் யார் யார் திரும்பி வரவில்லை என்று தெருவில் பெண்கள் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சில் தன் வீட்டுக்காரர் பெயரும் ஒருநாள் வரும் என்று அமீனா நினைத்ததே இல்லை.

தருமபுரியில் பென்னாகரம் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் வைத்திருந்தார் பாஷா. கார்பரேட்டர் பாய் என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். மற்ற மெக்கானிக்குகள் கைவிட்ட வண்டிகள் அவரிடம் வரும். அவர் பானட்டைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்பார். எஞ்சின் ஓட ஓடக் காது கொடுத்துக் கேட்பார். ஒரு திருகை அரைச் சுற்று சுற்றுவார். வண்டி சரியாகிவிடும். அரைச் சுற்றுக்காகவா இத்தனை நேரம் நின்றாய் என்று கேட்பவர்களிடம், நின்றதற்குத்தான் கூலி என்பார். வீட்டிலும் அதே குணம். அமீனா ஏதாவது சொன்னால் உடனே பதில் வராது. எஞ்சின் சத்தம் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். அவள் கோபமாக இருக்கும்போது அது அவளுக்கு எரிச்சலாக இருக்கும்.

வேறு சமயமாக இருந்தால் அந்த வாடையை அமீனா அப்போதே கேட்டிருப்பாள். ஆனால் அது மகள் ஷகிலாவுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம். ஓமலூரில் ஜவுளி வியாபாரம் செய்கிற குடும்பம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, அம்மா ஜான் பீதான் எல்லாம். ஷகிலாவை ஒரு கல்யாண வீட்டில் பார்த்துப் பிடித்துப்போய் அந்தம்மாவாகவே ஆள் அனுப்பியிருந்தார். அனுப்பிய ஆளிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்.

"சீர் வேணாம், நகை வேணாம். குடி இல்லாத வூடா இருக்கணும். அது ஒண்ணுதான்."

ஜான் பீயின் புருஷன் குடித்தே செத்தவர். அதனால் அந்த ஒரு விஷயத்தில் அந்தம்மா யார் சொல்லையும் கேட்கமாட்டார் என்றும், தானே வந்து வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார் என்றும் வந்த ஆள் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு.

இரண்டாம் நாள் நீலக் கட்டம் போட்ட சட்டையில் வாடை இன்னும் அதிகமாக இருந்தது. அமீனா அதையும் மாட்டினாள். மூன்றாம் நாள் மத்தியானம் அவளுடைய அண்ணன் அப்துல் ரஷீத் வந்தார். கடைவீதியில் புளி மண்டி வைத்திருந்தவர். வந்ததும் உட்காரவில்லை.

"ஷகிலா எங்க?"

"பக்கத்து வூட்ல. என்னா அண்ணே?"

"பாஷா மாப்ள என்னா, குடிக்க ஆரம்பிச்சுட்டாரா?"

அமீனாவின் கண் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணிக்குப் போனது.

"நேத்து மண்டிக்கு வந்தாரு. பக்கத்துல நின்னா குப்புனு அடிக்குது. மூட்டை தூக்கறவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச் சிரிக்கறான். எனக்கு எப்படி இருக்கும், சொல்லு. ஓமலூர்க்காரங்க காதுக்குப் போச்சுன்னா இந்த எடம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் வர்ற எடமும் இப்படித்தான் கேட்கும்."

அன்று சாயங்காலம் பாஷா வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அமீனா கேட்டுவிட்டாள்.

"ஏங்க, நீங்க குடிக்கறீங்களா?"

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நான் இல்ல அமீ. வண்டி."

"என்னா?"

"வண்டிதான் குடிக்குது. காலையில ஷெட்டுக்கு வா, காட்டறேன்."

மறுநாள் அவள் போனாள். ஷெட்டில் வெள்ளை பியட் கார் ஒன்று பானட் திறந்து நின்றது. பக்கத்தில் ஒரு முக்காலியில் காரின் சொந்தக்காரர் நஞ்சப்பன் உட்கார்ந்திருந்தார். பாலக்கோட்டுப் பக்கம் கரும்பு போடுகிற விவசாயி. கரும்பு விவசாயிகள் சங்கம் ஒன்றுக்குத் தலைவர். பேப்பர் படிக்கிறவர். படித்ததை நாலு பேரிடம் சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அமீனாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்கம்மா. பாய் வூட்ல ஒரே சண்டையாமே? நான்தான் குத்தவாளிங்க. என்னைத் திட்டுங்க."

விஷயம் இதுதான். பிரேசில் என்ற தேசத்தில் கரும்பிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டில் கார் ஓட்டுகிறார்கள் என்று நஞ்சப்பன் படித்திருந்தார். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போகிறது, நம் ஊரிலும் கரும்பு இருக்கிறது, நாம் ஏன் ஓட்டக் கூடாது என்று அலையோ அலை என்று அலைந்து, பரிசோதனைக்கென்று அனுமதி வாங்கி, வெளியூர் ஆலை ஒன்றிலிருந்து கேன்களில் ஸ்பிரிட் கொண்டு வந்துவிட்டார். யாரும் எடுத்துக் குடித்துவிடாதபடி அதில் என்னவோ கசப்பு கலந்திருந்தார்கள். அனுமதி அந்த மாசத்தோடு முடிகிறது. அதற்குள் ஆள் ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறிக் காட்டிவிட்டால் சங்கத்தில் பேச வாய் இருக்கும். ஏறாவிட்டால் சிரிப்பார்கள்.

"வெளிநாட்டு வண்டிங்கள்ல ஊசி போடற மாதிரி எண்ணெய உள்ள பீச்சி அடிக்கறானாம். எத்தனை அடிக்கணும்னு அவனுக்கு அளவு இருக்குது. நம்ம வண்டிக்கு ஊசி எங்க போறது? ஓட்டையத்தான் பெருசு பண்ணணும்னாரு பாய்," என்றார் நஞ்சப்பன்.

பாஷா ஒரு சோப்பு டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே சின்னச் சின்னப் பித்தளைத் திருகுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. ஜெட் என்று பெயர். கார்பரேட்டருக்குள் இதன் வழியாகத்தான் பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும். ஓட்டை எவ்வளவு பெரியது என்பதற்குத் தலையில் ஒரு நம்பர் இருக்கும். இந்த வண்டிக்கு பெட்ரோலுக்கு நூற்றிருபது. ஸ்பிரிட்டில் சூடு கம்மி என்பதால் அதிகமாக விட வேண்டும். எவ்வளவு அதிகம் என்பதுதான் கேள்வி.

"என் மூக்குத்தித் திருகு இதவிடப் பெருசு," என்றாள் அமீனா.

"இதுக்குள்ளதான் இருக்குது எல்லாம்," என்றார் அவர்.

எஞ்சினைப் போட்டார்கள். காலை நேரமாதலால் உடனே பிடிக்கவில்லை. ஸ்பிரிட் குளிரில் எரியாதாம். பாஷா ஒரு எண்ணெய்க் குப்பியில் வைத்திருந்த பெட்ரோலை கார்பரேட்டரின் வாயில் நாலு சொட்டு விட்டார். வண்டி இருமிக்கொண்டு எழுந்தது. பின்னால் குழாயிலிருந்து வந்த புகை நேராக அமீனாவின் முகத்தில் அடித்தது. அதே வாடை. சட்டையில் இருந்த அதே வாடை. கண் எரிந்து நீர் வந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து நஞ்சப்பன் பயந்துபோனார்.

"என்னாங்கம்மா, தலைக்கு ஏறிடுச்சா?"

ஆனால் இதைக் கேட்ட அண்ணன் சிரிக்கவில்லை.

"நீ நம்புவ. நான் நம்பறேன். ஊருக்கு யாரு சொல்றது? காரு குடிக்குதுன்னு ஓமலூர்ல போய்ச் சொன்னா, குடிகாரன் பேச்சுன்னுதான் நினைப்பாங்க. மாப்ளைய இந்த வேலைய நிறுத்தச் சொல்லு. கல்யாணம் முடிஞ்சு எதை வேணா ஊத்தி ஓட்டட்டும்."

அமீனா சொல்லிப் பார்த்தாள். பாஷா வெகுநேரம் தலையைச் சாய்த்தபடி இருந்தார்.

"நஞ்சப்பனுக்கு வாக்குக் குடுத்துட்டேன் அமீ. மாசம் முடிஞ்சா அனுமதியும் போயிடும். சரியான ஜெட் ஒண்ணு கிடைச்சிட்டா ரெண்டே நாள்ல மலை ஏத்திட்டு, குளிச்சிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு உட்கார்ந்துடுவேன். ஞாயித்துக்கிழமைக்கு முன்னால முடிச்சுடறேன்."

அதிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே ஜெட்டில் போய் நின்றது.

பாஷாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த வண்டியானாலும் ஓட்டிவிட்டு வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்ப்பார். கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் எண்ணெய் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு. வறுத்த மல்லி நிறத்தில் இருந்தால் சரி. தொழில் பழக்கிய அவர் உஸ்தாத் சொல்லிக் கொடுத்தது அது. அவர் வாழ்க்கையில் ஒரு முறைகூட அது பொய்த்ததில்லை.

நூற்று நாற்பது போட்டார். வண்டி தும்மியது, கார்பரேட்டர் வாய் வழியாகவே பட்டுப் பட்டென்று வெடித்தது. பிளக் வெள்ளை. அடுத்து நூற்றைம்பது போட்டார். பரவாயில்லாமல் போனது. அதியமான்கோட்டை வரை ஓட்டிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றினால் வெள்ளை. இன்னும் போதவில்லை என்று நினைத்து நூற்றறுபது போட்டார். பிளக் அதே வெள்ளை. அதற்கு மேல் நம்பர் கிடைக்கவில்லை என்பதால் மெல்லிய துளைக் கம்பியால் ஒரு ஜெட்டைத் தானே பெரிதாக்கினார். நூற்று எழுபது இருக்கும். அதைப் போட்டுத் தொப்பூருக்குப் போனார்கள். கணவாயில் பாதி ஏறுவதற்குள் வண்டி மூச்சு முட்டி நின்றுவிட்டது. லாரிக்காரர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னா பாய், சரக்கு அதிகமாயிடுச்சா?" என்று கத்திக்கொண்டு போனார்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். வெள்ளை.

"எத்தனை விட்டாலும் பத்தலைங்குது," என்றார் வீட்டுக்கு வந்து. சாப்பாட்டில் கை வைக்கவில்லை. ஓட்டையை இன்னும் பெரிதாக்கப் போவதாகச் சொன்னார்.

அந்த வருஷம் மழை இல்லை. குழாயில் தண்ணீர் எப்போதாவதுதான் வந்தது. குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைப்பதே பெரும்பாடு. துணியெல்லாம் சேர்த்து வைத்து ஒரு நாளில்தான் துவைப்பாள். அதனால் அவருடைய சட்டைகள் வரிசையாக ஆணியில் தொங்கின. ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று. வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் வந்தது. ஓமலூர்க்காரர்கள் வருவதற்கு முன் வீட்டில் அந்த வாடையே இருக்கக் கூடாதென்று எல்லாச் சட்டைகளையும் அள்ளிக்கொண்டு போய் வாளியில் போட்டாள் அமீனா. போடும்போது ஒவ்வொன்றையும் முகர்ந்தாள். எதற்கு முகர்ந்தாள் என்றால், முதல் நாளிலிருந்தே அதுதான் பழக்கமாகிப் போயிருந்தது. அவர் வந்ததும் சட்டையை வாங்குவாள், முகர்வாள், மாட்டுவாள்.

கடைசியாகக் கையில் இருந்தது பை கிழிந்த காக்கிச் சட்டை. அதை வாளியில் போடப் போனவள் திரும்பவும் முகர்ந்தாள். நனைந்த நீலக் கட்டத்தை எடுத்து அதையும் முகர்ந்து பார்த்தாள். பிறகு ஈரக் கையோடு உள்ளே ஓடினாள். பாஷா ஷெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இந்தக் காக்கி போட்டிருந்த அன்னிக்கு எந்த ஜெட்டு?"

"எதுக்கு?"

"சொல்லுங்க."

யோசித்தார். "பை கிழிஞ்சதா? அதியமான்கோட்டை போன அன்னிக்கு கதவுல மாட்டிக் கிழிஞ்சுது. நூத்தம்பது."

"அது ஒண்ணுலதான் பச்சைச் சாராய வாடை இல்ல."

"அதுலயும் அடிக்கும்."

"அடிக்குது, ஆனா வேற. முகந்து பாருங்க. மாம்பழம் கூடையில கிடந்து அழுகப் போற வாடை. மத்ததெல்லாம் பச்சைச் சாராயம். நேத்து சட்டை இருக்குதே, மோசம், புட்டிய மேல கவுத்த மாதிரி. ஏங்க, எரிஞ்சா வாடை மாறத்தானே செய்யும்? எரியாம அப்படியே வெளிய வந்தாத்தானே பச்சையா அடிக்கும்?"

பாஷா சட்டையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார். நஞ்சப்பனோடு ஒரு வாரம் அந்தப் புகையிலேயே கிடந்ததில் அவருக்கு எல்லாம் ஒரே வாடையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொல்வதை அவரால் தள்ளவும் முடியவில்லை.

"பிளக் வெள்ளையா இருந்துதே அமீ. எண்ணெய் பத்தலைன்னாத்தானே வெள்ளை? அப்புறம் எப்படி நூத்தம்பது சரியாகும்?"

"எனக்கு பிளக்கு தெரியாதுங்க. எங்க வூட்டு மண்ணெண்ணெ ஸ்டவ்வுல வச்சாப் பாத்திரம் அடியெல்லாம் கரி. காம்பவுண்டர் ஊசியக் கொதிக்க வைப்பாரே ஒரு பாத்திரத்துல, ஸ்பிரிட்டு விளக்கு மேல? ஷகிலாவுக்கு டைஃபாய்டு வந்தப்ப தினம் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அடி பளபளன்னு இருக்கும். ஒரு பொட்டுக் கரி இருக்காது."

அவர் தலையைச் சாய்த்தார். அந்த முறை அவள் எரிச்சல்படாமல் காத்திருந்தாள். வாசலில் குழாய்த் தண்ணீர் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூட இருவருக்கும் தோன்றவில்லை.

"கரியே இல்லாத எண்ணெய்ல மல்லி நிறம் எங்கருந்து வரும்," என்றார் கடைசியில், அவருக்கே சொல்லிக்கொள்வது போல. "அது எப்பவுமே வெள்ளைதான் காட்டும். நான் பாட்டுக்கு ஊத்திக்கிட்டே இருந்திருக்கேன்."

காக்கிச் சட்டையை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். அன்று நூற்றைம்பதைப் போட்டு வண்டியை ஓட்டிவிட்டு வந்தார்கள். சாயங்காலம் அமீனா வாசலிலேயே நின்று சட்டையை வாங்கினாள். மாம்பழம். நஞ்சப்பன் தெருவில் காரை நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா மூக்குக்குத் தங்கத்துல மூக்குத்தி போடணுங்க!"

"இருக்கறதே தங்கந்தாங்க," என்றாள் அமீனா.

மலை ஏற்றிப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி. சனிக்கிழமை நஞ்சப்பன் வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டது. அவர் வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓமலூர்க்காரர்கள் பஸ்ஸில் வருவதாக இருந்தது. அப்துல் ரஷீத் முதல் நாளே அத்தர்ப் புட்டியோடு வந்துவிட்டார்.

"மாப்ள காலையில ரெண்டு வாட்டி குளிக்கட்டும். இதை நல்லாப் பூசிக்கட்டும். பேசாம மூலையில உட்காரட்டும்."

"குடிச்சவன்தான் அத்தர் பூசிப்பான்," என்றாள் அமீனா. "அந்தம்மா இருபது வருசம் அந்த மாதிரி ஒருத்தரோட குடும்பம் பண்ணினவங்க. அத்தருக்கு அடியில என்னா இருக்குதுன்னு நம்மளவிட அவங்களுக்குத் தெரியும்."

"அப்ப என்னா பண்ணலாங்கற?"

"அவங்களக் கார்லயே கூட்டியாறலாம்."

ரஷீதுக்குக் கண் பிதுங்கியது. "அந்தக் கார்லயா? தொப்பூர்ல நின்னுடுச்சுன்னா? நடு ரோட்ல அந்தம்மாவை உட்கார வச்சு, சுத்தி சாராய வாடைய அடிச்சு... உனக்குப் புத்தி இருக்குதா அமீனா?"

அவள் பாஷாவைப் பார்த்தாள். அவர் எஞ்சின் சத்தம் கேட்பது போலத் தலையைச் சாய்த்திருந்தார். பிறகு, "ஏறும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் நஞ்சப்பன் வண்டியைக் கொடுத்தனுப்பினார். பாஷாவே ஓட்டினார். பக்கத்தில் ரஷீத், பின்னால் அமீனா. போகும்போது கணவாய் இறக்கம், ஒன்றும் தெரியவில்லை. ஓமலூரில் ஜான் பீ வாசலிலேயே தயாராக நின்றார். உயரமான பெண்மணி. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பஸ் நெரிசலை நினைத்துப் பயந்திருந்தாராம். அமீனாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். தீவட்டிப்பட்டி தாண்டும் வரை துணி வியாபாரம், வெயில், தண்ணீர்ப் பஞ்சம் என்று பேச்சு போனது. தொப்பூரில் ஏற்றம் தொடங்கியது. வண்டி மெதுவாகியது. பின்னாலிருந்து வீசிய காற்று புகையை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளியது.

ஜான் பீ பேச்சை நிறுத்தினார். மூக்கு விடைத்தது. முன் சீட்டில் இருந்த இருவரின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டிய நிறுத்துங்க," என்றார்.

"சம்பந்திம்மா, ஏத்தத்துல..." என்று ஆரம்பித்தார் ரஷீத்.

"நிறுத்துங்கன்னேன்."

பாஷா ஓரமாக நிறுத்தினார். ரஷீத் இறங்கி ஒரு கல்லைத் தேடிச் சக்கரத்துக்கு வைத்தார். ஜான் பீ இறங்கி நேராக டிரைவர் பக்கம் போய்க் குனிந்து நின்றார். பாஷா இறங்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அந்தம்மா முகர்ந்து பார்ப்பதற்கு விட்டுக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தார். பெண் கேட்டு வந்த இடத்தில் சம்பந்தி வாயை முகர்கிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. அமீனாவுக்கு அழுகை வந்தது. இறங்கிப் போய் ஜான் பீயின் கையைப் பிடித்தாள்.

"இங்க இல்ல. பின்னால வாங்க."

காரின் பின்பக்கம் அழைத்துப்போனாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் லேசாகப் புகைந்தது. ஜான் பீ குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தார். திரும்பவும் குனிந்தார்.

"வண்டிதாங்க," என்றாள் அமீனா. "கரும்புல எடுத்த ஸ்பிரிட்டு ஊத்தி ஓடுது. பத்து நாளா இவர் சட்டையெல்லாம் இதான். நானும் முதல்ல உங்கள மாதிரிதான் நினைச்சேன். மறைச்சு வச்சுப் பொண்ணக் குடுக்கக் கூடாதுன்னுதான் இந்த வண்டியிலயே கூட்டியாந்தோம்."

லாரி ஒன்று முனகிக்கொண்டு ஏறிப் போயிற்று. ஜான் பீ முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையால்தான் என்று அமீனா அன்று நினைத்தாள்.

"இந்த வாடை அடிச்சா என் பையன் சின்னதுல கட்டிலுக்கு அடியில போயிடுவான்," என்றார் ஜான் பீ. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "சரி, ஏறட்டும் பார்க்கலாம். நிறுத்தினது நான்தானே. கிளம்புமா?"

அதுதான் யாருக்கும் தெரியாத விஷயம். நாலு பேர் பாரத்தோடு, பாதி ஏற்றத்தில் நின்ற வண்டி. பாஷா கியரைப் போட்டார். ரஷீத் கல்லை எடுக்கத் தயாராகக் குனிந்து நின்றார். அவர் உதடு துவா ஓதுவது கண்ணாடியில் தெரிந்தது. கிளட்ச்சை விட்டபோது வண்டி ஒரு முறை உதறியது. நின்றுவிட்டது என்றே அமீனா நினைத்தாள். அப்புறம் அது தலையை எடுத்தது. தும்மல் இல்லை, மூச்சு முட்டல் இல்லை. கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு ரஷீத் ஓடி வந்து தொற்றி ஏற வேண்டியதாயிற்று. வளைவு வளைவாக ஏறி, கணவாயின் உச்சியில் வெயிலுக்குள் வந்தது வண்டி.

ஜான் பீ ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். மேட்டுக்கு வந்ததும் சொன்னார்:

"குடிச்சுட்டு நேராப் போறத இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

முதலில் சிரித்தவர் ரஷீத். சிரித்த சிரிப்பில் அத்தர்ப் புட்டி அவர் ஜிப்பாப் பையிலிருந்து விழுந்து உருண்டு, மூடி கழன்று, காருக்குள் கொட்டியது. வீடு வந்து சேரும்போது எல்லோர் மேலும் மல்லிகையும் சாராயமும் கலந்த வாடை. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. ஜான் பீ நிமிர்ந்து நடந்து உள்ளே போய் ஷகிலாவின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார்.

கல்யாணம் அடுத்த மழைக்கு முன் நடந்தது. நஞ்சப்பனுக்கு அனுமதியை நீட்டிக்கவில்லை. சங்கத்தில் மட்டும் தொப்பூர் ஏறிய கதையை வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வண்டியில் ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். காருக்குத் திரும்ப நூற்றிருபதைப் போட்ட அன்று பாஷா கழற்றிய நூற்றைம்பதாம் நம்பர் ஜெட்டைக் கொண்டு வந்து அமீனாவிடம் கொடுத்தார். அவள் அதைத் தையல் மிஷின் இழுப்பறையில் பொத்தான்களோடு போட்டு வைத்தாள். அதன் பிறகு வீட்டில் ஏதாவது அளவு மீறினால், குழம்பில் உப்போ, அவள் கோபமோ, ரஷீதின் பேச்சோ, "ஜெட் பெருசு" என்பார் பாஷா. மருமகன்கூட அதைச் சொல்லப் பழகிவிட்டான்.

பல வருஷம் கழித்து, சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், பாஷா கண் திறக்காமல் கிடந்த நாட்கள் வந்தன. டாக்டர்கள் ஷகிலாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அமீனா கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் ஊசி போட வந்தாள். பஞ்சை ஸ்பிரிட்டில் தாராளமாக நனைத்து அவர் கையில் தேய்த்தாள். வாடை வார்டு முழுக்கப் பரவியது.

பாஷாவின் தலை தலையணையில் மெல்லச் சாய்ந்தது. அந்தச் சாய்வு அவளுக்குத் தெரியும்.

"ஜெட் பெருசு," என்றார்.

அமீனா வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் பயந்துபோய், "என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டாள்.

"வண்டி ஓட்டறாருங்க."

நர்ஸ் பஞ்சைக் குப்பைத் தட்டில் போடப் போனாள். அமீனா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். மூக்கருகே கொண்டு போனாள். பச்சைச் சாராயம். எரியாதது. அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"இல்லைங்க," என்றாள். "நூத்தம்பதுதான் போட்டிருக்குது. ஏறிடும்."